மற்றவர் சம்மதிக்காத விவாகரத்து: எத்தனை காலம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் கணவருக்கும் இந்து திருமணச் சட்டத்தின்படி திருமணம் நடந்து பதிவும் செய்யப்பட்டது. நாங்கள் பிரிந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர் இப்போது கனடாவில் வேலையில் இருக்கிறார். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விலகிவிடலாம் என்று இரு வீட்டுப் பெரியவர்களையும் வைத்துப் பேசிப் பார்த்தாகிவிட்டது. சேர்ந்து வாழவும் முடியாது, கையெழுத்துப் போடவும் முடியாது என்பதே அவருடைய முடிவான பதில்.

விசாரித்தால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஓராண்டு பிரிந்திருந்தால் போதும் என்கிறார் ஒருவர். இரண்டாண்டு வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஏழாண்டு ஆனால் திருமணம் தானாகவே முறிந்துவிடும் என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மற்றவர் ஒப்புக்கொள்ளாதபோது, பிரிந்து வாழ்ந்த காலம் மட்டுமே விவாகரத்துக்குப் போதுமான காரணம் ஆகுமா? முழுவதுமாகப் பிரிவதற்கு முன்னால் ஏழெட்டு மாதங்கள் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனி அறைகளில் இருந்தோம். அந்தக் காலமும் கணக்கில் வருமா? இடையில் மாமனார் காலமானபோது காரியங்களுக்காகப் போய் அந்த வீட்டில் சில நாட்கள் தங்கினேன். அதனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? சட்டம் தெரிந்தவர்களும் இந்த வழியைக் கடந்து வந்தவர்களும் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வழக்குரை எழுதியது:

சகோதரி, நான் குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்காடுபவன். உங்கள் முதல் கேள்விக்கு இந்தியச் சட்டம் தரும் பதில் பலருக்கும் வியப்பாக இருக்கும். இந்து திருமணச் சட்டத்தில், மற்றவர் எதிர்க்கும்போது, 'இத்தனை ஆண்டு பிரிந்திருக்கிறோம்' என்பது மட்டும் தனியொரு காரணமாக இல்லை. பத்தாண்டு பிரிந்திருந்தாலும் நீதிமன்றம் கேட்கும் கேள்வி, யார் விலகினார், ஏன் விலகினார் என்பதுதான்.

நீங்கள் கேள்விப்பட்ட எண்கள் எல்லாமே சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்துக்கு உரியது. ஓராண்டு என்பது 13-பி பிரிவில் வருவது. அது பரஸ்பர சம்மத விவாகரத்துக்கானது. இருவரும் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் மனுவில் கையெழுத்திட வேண்டும். உங்கள் கணவர் கையெழுத்திட மறுப்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஏழாண்டு என்பது ஒருவர் உயிருடன் இருப்பதாக, இருந்தால் அறிந்திருக்கக்கூடியவர்கள் எவருமே கேள்விப்படாத நிலைக்கு உரியது. உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே அது பொருந்தாது. அப்போதுங்கூட எதுவும் தானாக முறிவதில்லை. நீதிமன்றத்தின் தீர்ப்பாணை இல்லாமல் இந்தச் சட்டத்தின் கீழ் எந்தத் திருமணமும் முடிவுக்கு வராது என்பதை அந்த உறவினரிடம் சொல்லுங்கள். வழக்கத்தில் உள்ள மணவிலக்கு முறைகளுக்கு மட்டும் சட்டம் தனியாக இடம் வைத்திருக்கிறது.

இரண்டாண்டுதான் உங்களுக்கு வேண்டியது. 13(1)(ஐ-பி) பிரிவின்படி, மனுத் தாக்கல் செய்வதற்கு உடனடி முன்னதாகத் தொடர்ந்து இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் ஒருவர் மற்றவரைக் கைவிட்டிருந்தால் விவாகரத்து கோரலாம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே இது விவாகரத்துக்கான காரணமாகச் சேர்க்கப்பட்டது. கைவிடுதல் என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது: நியாயமான காரணம் இல்லாமலும், மற்றவரின் சம்மதம் இல்லாமலும் அல்லது விருப்பத்துக்கு மாறாகவும் விலகியிருக்க வேண்டும், வேண்டுமென்றே புறக்கணிப்பதும் இதில் அடங்கும். பிபின்சந்திர ஷா எதிர் பிரபாவதி வழக்கில் 1956இல் உச்ச நீதிமன்றம் வகுத்ததுதான் இன்றும் அளவுகோல். பிரிந்திருக்கிறார்கள் என்ற உண்மை ஒன்று, இனி அந்த மணவாழ்வுக்குத் திரும்புவதில்லை என்ற உறுதியான நோக்கம் மற்றொன்று. இரண்டையும் மனுதாரர் நிரூபிக்க வேண்டும். கைவிடப்பட்டவர் பக்கத்திலும் இரண்டு இருக்கின்றன: அவர் அதற்குச் சம்மதித்திருக்கக் கூடாது, மற்றவரை விலகத் தூண்டும்படி நடந்திருக்கவும் கூடாது.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. அந்த வீட்டிலிருந்து வெளியேறியது யார், எந்தச் சூழ்நிலையில்? வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவரை வீட்டில் இருக்க முடியாதபடி செய்து துரத்தியவரே சட்டத்தின் பார்வையில் கைவிட்டவர். வாசலைத் தாண்டியவர் அல்ல.

நிழற்குடை எழுதியது:

கைவிடுதலை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மனுத் தாக்கல் செய்தேன். அதுவரை ஒரு தொலைபேசி அழைப்புக்கும் பதில் இல்லை. நான் மனு போட்டதும், தாக்கல் செய்த எதிருரையில் முதல் பத்தியிலேயே, 'நான் இன்றும் கணவருடன் வாழத் தயாராக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள். சமரச மையத்தில் அதே வாக்கியம். குறுக்கு விசாரணையிலும் அதே வாக்கியம். அப்படியானால் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்ட கேள்விகள் எல்லாம் தேதிகளைப் பற்றியவை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவமனைக்கு அழைத்துப் போனது யார், அன்று இரவு எங்கே தங்கினீர்கள், பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது எந்தக் கணக்கிலிருந்து, மனைவியைத் திரும்ப அழைத்து ஒரு கடிதமாவது எழுதினீர்களா. கடைசிக் கேள்விதான் என் வழக்கைப் பலவீனமாக்கியது. நேரில் போய் அழைத்ததற்கு என் தம்பியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சட்டம் இரண்டாண்டு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறது. அந்த இரண்டாண்டை ஒவ்வொரு மாதமாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேதனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வழக்குரை ஐயாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். மனு போட்ட பிறகு 'வரத் தயார்' என்று சொன்னால் கைவிடுதல் இல்லை என்று ஆகிவிடுமா?

வழக்குரை எழுதியது:

ஆகாது. மேலே சொன்ன 1956 தீர்ப்பே இதற்கும் பதில் தருகிறது. கைவிடுதல் என்பது மனுத் தாக்கல் ஆகும் வரை தொடர்ந்துகொண்டே இருக்கும் குற்றம். கைவிட்டவர் இரண்டாண்டு முடிவதற்கு முன்போ, முடிந்த பிறகுங்கூட வழக்கு தொடங்குவதற்கு முன்போ, மணவாழ்வின் எல்லாப் பொறுப்புகளையும் ஏற்று உண்மையான மனத்துடன் திரும்பி வர முன்வந்தால் கைவிடுதல் முடிவுக்கு வந்துவிடும். அதை நியாயமின்றி மறுத்தவர்தான் அதன்பின் கைவிட்டவர் ஆவார். வழக்கு வந்த பிறகு எழுதப்படும் வாக்கியத்துக்கு அந்த வலிமை இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், வரத் தயார் என்ற அந்த வாக்கியம், விலகியபோது திரும்பாத நோக்கம் இருந்ததா என்ற ஐயத்தை நீதிபதியின் மனத்தில் எழுப்பிவிடுகிறது. அந்த ஐயத்தை நீக்கும் ஆவணம் நம்மிடம் இருக்க வேண்டும். அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம், அழைப்பதானாலும் மறுப்பதானாலும் எழுத்தில் செய்யுங்கள் என்று முதல் நாளே சொல்கிறேன்.

வடகாற்று எழுதியது:

நெய்தல் அவர்களே, உங்கள் கணவர் கனடாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் வாழ்கிறேன். என் விவாகரத்தும் இங்கேதான் முடிந்தது. இங்குள்ள நிலை முற்றிலும் வேறு. நாடு முழுவதற்கும் பொதுவான விவாகரத்துச் சட்டத்தின்படி, திருமணம் முறிந்தது என்பதை நிறுவ ஓராண்டு பிரிந்து வாழ்ந்தாலே போதும். யார் காரணம் என்று யாரும் கேட்பதில்லை. மற்றவர் சம்மதம் தேவையில்லை. பிரிந்த மறுநாளே மனுவைத் தாக்கல் செய்துவிடலாம். தீர்ப்பு வழங்கும்போது ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவன் மனைவியில் ஒருவராவது அந்த மாகாணத்தில் ஓராண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

சமரசத்துக்காக மீண்டும் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பதையும் இந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. அப்படிச் சேர்ந்திருந்த காலம் மொத்தமாக 90 நாட்களுக்கு மேல் போகாவிட்டால் ஓராண்டுக் கணக்கு அறுபடாது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். கணக்கு முறிந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே யாரும் சமாதானப் பேச்சுக்குக் கதவைச் சாத்தக் கூடாது அல்லவா?

ஆகவே, உங்களுக்குக் கையெழுத்துப் போட மறுக்கும் அதே மனிதர், தமக்கு வசதிப்படும் நாளில் இங்கே ஒருதலையாக விவாகரத்து வாங்கிவிட முடியும். அப்படி ஒரு அறிவிப்பு இங்கிருந்து வந்தால் அதைப் படிக்காமல் ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

வழக்குரை எழுதியது:

வடகாற்று அவர்கள் சொன்னது முக்கியமான எச்சரிக்கை. அப்படி வாங்கிய தீர்ப்பு இந்தியாவில் செல்லுமா என்பது தனிக் கேள்வி. நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எந்தத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் நடந்ததோ, அந்தச் சட்டம் அனுமதிக்கும் காரணத்தின் பேரில், அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத்தான் இங்கே ஏற்க முடியும். எதிர்த்தரப்பினர் தாமாக முன்வந்து அந்த வெளிநாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வழக்கை நடத்தினாலோ, விவாகரத்துக்குச் சம்மதித்தாலோ நிலைமை மாறும். ஓராண்டுப் பிரிவு மட்டுமே காரணமாக உள்ள தீர்ப்பு, நீங்கள் அதில் பங்கேற்காதவரை, இந்தியாவில் உங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் அறிவிப்பு வந்தால் பதில் அனுப்புவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதே பின்னால் உங்கள் உரிமையைத் தீர்மானிக்கலாம்.

தென்கரை எழுதியது:

ஒரே கூரையின் கீழ் பிரிந்து வாழ்வதைப் பற்றிய கேள்விக்கு ஆஸ்திரேலிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்படி இங்கே 12 மாதப் பிரிவு ஒன்றே வழி, அதுவே போதுமானதும்கூட. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்திருக்கலாம் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. வாடகை கட்டுப்படியாகாமலும், பிள்ளைகளின் பள்ளியை மாற்ற மனமில்லாமலும் எத்தனையோ பேர் அப்படித்தான் அந்த ஓராண்டைக் கடக்கிறார்கள்.

ஆனால் அப்போது வெறும் வாய்ச்சொல் போதாது. என் தோழி ஒருத்திக்கு நானே சாட்சிப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். பின்னறைக்கு அவள் தன் கட்டிலையும் அலமாரியையும் மாற்றிக்கொண்டது, குளிர்பதனப் பெட்டியில் அவளுடைய தட்டு தனியாக இருந்தது, அவரவர் துணியை அவரவரே துவைத்துக்கொண்டது, இருவரையும் சேர்த்து அழைத்த விருந்துக்கு அவள் மட்டும் வந்து 'நாங்கள் பிரிந்துவிட்டோம்' என்று எல்லோரிடமும் சொன்னது, இவற்றையெல்லாம் நான் கண்ணால் கண்டபடி எழுதினேன். கூட்டுக் கணக்கைப் பிரித்ததற்கான வங்கிக் கடிதத்தை அவள் இணைத்தாள். படுக்கை, சமையல், பணம், வெளியுலகத்துக்குச் சொன்னது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்கிறது.

இங்கும் சமரச முயற்சிக்கு இடம் உண்டு. ஒருமுறை மூன்று மாதங்களுக்கு மிகாமல் சேர்ந்து வாழ்ந்து மீண்டும் பிரிந்தால், முன்னும் பின்னும் உள்ள காலங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து மாதம் பிரிந்து, இரண்டு மாதம் சேர்ந்து, பிறகு ஏழு மாதம் பிரிந்திருந்தால் 12 மாதக் கணக்கு நிறைந்துவிடும். சேர்ந்திருந்த இரண்டு மாதம் மட்டும் கணக்கில் வராது.

கல்மண்டபம் எழுதியது:

இங்கிலாந்தில் எங்கள் தலைமுறை பட்ட பாட்டை இளையவர்கள் அறிய வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்மதம் இருந்தால் இரண்டாண்டு, இல்லாவிட்டால் ஐந்தாண்டு பிரிந்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் மற்றவர் மீது குற்றம் சுமத்த வேண்டும். ஓவன்ஸ் தம்பதியரின் வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏறத்தாழ நாற்பதாண்டு மணவாழ்வுக்குப் பிறகு விலக விரும்பிய மனைவி, கணவருடைய நடத்தையைக் காரணமாகக் காட்டினார், கணவர் எதிர்த்தார், காட்டிய காரணம் சட்டத்துக்குப் போதவில்லை என்று நீதிபதிகள் மன வருத்தத்துடனேயே தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்தாண்டு நிறைய 2020 வரை அந்த அம்மையார் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த வழக்கு எழுப்பிய கேள்விகளுக்குப் பிறகு வந்த 2020ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஏப்ரல் 6 முதல் நடப்புக்கு வந்தது. திருமணம் மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்று ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். பிரிந்திருந்த காலம் கேட்கப்படுவதே இல்லை. முறிவு என்ற அந்தக் கூற்றை மற்றவர் மறுத்து வழக்காட முடியாது. மனுவுக்கும் நிபந்தனை ஆணை எனப்படும் முதற்கட்ட ஆணைக்கும் இடையே 20 வாரம், அதன்பின் இறுதி ஆணைக்கு 6 வாரம். திருமணமாகி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே. ஸ்காட்லாந்தில் சம்மதம் இல்லாவிட்டால் இரண்டாண்டு. வடக்கு அயர்லாந்தில் இன்றும் ஐந்தாண்டு.

மனம் முறிந்த பிறகு ஐந்தாண்டு கட்டிவைப்பதால் ஒரு குடும்பமும் தழைத்து நான் பார்க்கவில்லை. இந்தியாவும் இந்த வழிக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஈரநிலம் எழுதியது:

கல்மண்டபம் ஐயா சொல்வதில் உள்ள நியாயம் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. மகளிர் உதவி மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பலர் விலக விரும்பும் பெண்கள் அல்லர், விலக்கப்படும் பெண்கள். இருபதாண்டு சமைத்துப் போட்டு, பெயரில் ஒரு செண்டு நிலமோ வங்கிக் கணக்கோ இல்லாமல், இன்னொருத்தியை மணக்க விரும்பும் கணவரின் மனுவை எதிர்கொள்பவர்கள். இவர்களுக்குச் சம்மதம் மறுக்கும் உரிமைதான் கையில் இருக்கும் ஒரே பிடி. அதை வைத்துத்தான் பிள்ளையின் படிப்புக்கும் தலைக்கு மேல் ஒரு கூரைக்கும் பேச முடிகிறது. அந்தப் பிடியை எடுப்பதற்கு முன், அதற்கு ஈடாக என்ன கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன்.

மீட்க முடியாத முறிவைக் காரணமாகச் சேர்க்க இந்தியாவில் 2010இல் கொண்டுவரப்பட்ட மசோதா, மூன்றாண்டுப் பிரிவைக் கேட்டது. அதோடு, கடும் பொருளாதார இன்னலைக் காட்டி மனைவி எதிர்க்கலாம் என்ற பாதுகாப்பையும் வைத்திருந்தது. 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமலே காலாவதியானது. ஜெர்மனியிலும் சம்மதம் இல்லாதபோது மூன்றாண்டுப் பிரிவுக்குப் பிறகுதான் முறிவை மறுக்க முடியாததாகச் சட்டம் ஏற்கிறது. அதற்கு முன்னால் முறிவை நிரூபித்தாக வேண்டும். காத்திருக்கும் காலம் சிலருக்குச் சிறை என்றால், வேறு சிலருக்கு அது வேலை தேடிக்கொள்ளவும் வழக்கு நடத்தவும் கிடைக்கும் அவகாசம்.

நெய்தல் அவர்களுக்கு: நீங்கள் மனுதாரராக இருந்தாலும், வழக்கு நடக்கும் காலத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும், ஜீவனாம்சம் விண்ணப்பித்த நாளிலிருந்தே வழங்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியிருக்கிறது. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கீழ்வானம் எழுதியது:

மலேசியாவையும் சிங்கப்பூரையும் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டாண்டு பிரிந்து வாழ்ந்தது, இரண்டாண்டு கைவிட்டது ஆகிய இரண்டுமே முறிவுக்குச் சான்றாக ஏற்கப்படுகின்றன. சிங்கப்பூரின் பெண்கள் சாசனத்தில் சம்மதம் இருந்தால் மூன்றாண்டு, இல்லாவிட்டால் நான்காண்டு. 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதலின் பேரில் விலகும் வழியும் அங்கே சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ளாத துணையை வைத்திருப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

பாலைவழி எழுதியது:

இலங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தில் மூன்றே காரணங்கள்: பிறன்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமணத்தின்போதே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை போன்ற குறை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவு, நீதிமுறைப் பிரிவுக் கட்டளைக்குப் (திருமணத்தைக் கலைக்காமல் பிரிந்து வாழ நீதிமன்றம் தரும் கட்டளை) பின் இரண்டாண்டு, கட்டளை இல்லாமலே ஏழாண்டு என்று பேசுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஏழாண்டு ஆனால் போதும் என்று எங்கள் பக்கத்திலும் பலர் நம்புகிறார்கள். குற்றம் நிறுவப்பட வேண்டும் என்றே நீதிமன்றங்கள் வலியுறுத்தி வந்திருக்கின்றன. நெய்தலின் உறவினர் சொன்ன ஏழாண்டு இங்கிருந்து போன பேச்சாகவும் இருக்கலாம்.

நெய்தல் எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. வழக்குரை ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாசல் கதவின் பூட்டு மாற்றப்பட்டிருந்தது. என் சாவி நுழையவில்லை. அவர் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. அடுத்த வாரம் என் துணிமணி, சான்றிதழ், மாத்திரைப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் கட்டி, அம்மா வீட்டு முகவரிக்குப் பார்சல் சர்வீஸில் அனுப்பிவிட்டார். 'இனி இங்கே வர வேண்டாம்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் வந்தது. பார்சல் ரசீதும் செய்தியும் என்னிடம் இருக்கின்றன.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. நான் மனு போட்டால், சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி அவர் ஒரு மனு போடுவார் என்று சொல்கிறார்கள். அப்படி உத்தரவு வந்துவிட்டால் நான் போய்த்தான் ஆக வேண்டுமா?

வழக்குரை எழுதியது:

அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அனுப்புநர் என்ற இடத்தில் அவர் பெயரும், கீழே தேதியும் இருக்குமானால், பத்துச் சாட்சிகள் சொல்வதைவிட அது கூடுதலாகப் பேசும். பிரிந்த நாள் எது, விலக்கியவர் யார், திரும்பச் சேர்க்கும் எண்ணம் இருந்ததா என்ற மூன்றுக்கும் அந்த ஒரே தாளும் அந்தச் செய்தியும் பதில் தருகின்றன. வாட்ஸ்அப் செய்தியைப் படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழுடன் தாக்கல் செய்ய வேண்டும், கைபேசியையும் மாற்றிவிடாதீர்கள். இந்த விவரங்களைப் பார்க்கும்போது, கைவிட்டவர் அவர்தான் என்று வாதிட உங்களுக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. இரண்டாண்டும் கடந்துவிட்டது. கொடுமை என்ற காரணத்தையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.

ஒரே வீட்டில் தனித்தனியாக இருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிந்து வாழ்தல் என்பது கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதே தவிர, வெவ்வேறு முகவரியில் இருப்பது அல்ல என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது பரஸ்பர சம்மத வழக்கு என்றாலும், கைவிடுதலிலும் நீதிமன்றங்கள் இடத்தைவிட்டு விலகியதைப் பார்ப்பதில்லை, மணவாழ்வை விட்டு விலகியதைத்தான் பார்க்கின்றன. ஆயினும் உங்களுக்கு அந்த மாதங்கள் தேவையே இல்லை. பூட்டு மாற்றப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டாலே காலம் நிறைந்துவிடுகிறது. நிரூபிக்க எளிதான நாளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, முந்தைய மாதங்களைப் பின்னணியாக எழுதுங்கள். எதிர்த்தரப்பு கேள்வி எழுப்ப இடம் தரும் நாளைத் தொடக்கமாகக் காட்டுவதால் உங்களுக்கு ஆதாயம் இல்லை.

சேர்ந்து வாழ உத்தரவிடும் 9ஆம் பிரிவைப் பற்றிய பயம் பெரும்பாலானோருக்கு இருக்கிறது. அப்படி ஓர் உத்தரவு வந்தாலும் யாரும் உங்களைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அந்த வீட்டில் விட முடியாது; சொத்தின் மீதான நடவடிக்கைக்கு மட்டுமே வழி உண்டு. 13(1-ஏ) பிரிவின்படி, அந்த உத்தரவுக்குப் பின் ஓராண்டு சேர்ந்து வாழாமல் போனால் இருவரில் எவரும் விவாகரத்து கோரலாம். நீதிமுறைப் பிரிவு ஆணைக்குப் பின்னும் இதே ஓராண்டுதான். உத்தரவின்படி போய்ச் சேராமல் இருந்தது மட்டுமே, 23ஆம் பிரிவு சொல்லும் 'தன் தவறால் தானே பயனடைதல்' ஆகிவிடாது என்று 1977இல் தர்மேந்திர குமார் எதிர் உஷா குமார் வழக்கில் தெளிவாக்கப்பட்டிருக்கிறது. உங்களை அச்சுறுத்துவதாக அவர் நினைத்துப் போடும் மனு, கடைசியில் உங்களுக்கே ஒரு வழியைத் திறந்து வைக்கக்கூடும். அந்த மனுவை எதிர்த்து வழக்காடாமல் விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நீங்கள் விலகியது தவறு என்று அதில் முடிவானால், அது ஜீவனாம்ச வழக்கிலும் எதிரொலிக்கும்.

நிழற்குடை எழுதியது:

ஐயா, ஆறாண்டு பிரிந்திருந்தால் உச்ச நீதிமன்றம் விவாகரத்து கொடுத்துவிடும் என்று செய்திகளில் படித்தேன். கீழ்நீதிமன்றத்தில் அதைச் சொல்லிக் கேட்க முடியாதா?

வழக்குரை எழுதியது:

நீங்கள் படித்தது 2023 மே 1 அன்று ஷில்பா சைலேஷ் எதிர் வருண் சீனிவாசன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பு. ஒருவர் எதிர்த்தாலும், திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று முழுமையாக நம்பினால், அரசியல் சாசனத்தின் 142ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்கலாம் என்று அமர்வு கூறியது. பிரிந்திருந்த காலம் போதிய நீளம் உடையதாக இருக்க வேண்டும், ஆறாண்டோ அதற்கு மேலோ ஆனால் அது கருதத்தக்கது என்றும் சொன்னது. ஆனால் அது எவரும் உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியது அல்ல. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. குடும்ப நல நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. நேரடியாக ரிட் மனுவோடு அங்கே போகவும் முடியாது.

கீழ்நீதிமன்றத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறொன்று. நீண்ட காலம் பிரிந்திருந்து, ஒட்டவைக்க முடியாதபடி முறிந்த உறவைச் சட்டத்தின் பெயரால் நீட்டிப்பதே மனக்கொடுமை ஆகலாம் என்று 2007இல் சமர் கோஷ் வழக்கில் சொல்லப்பட்டது. 2023இல் ராகேஷ் ராமன் எதிர் கவிதா வழக்கில், 25 ஆண்டுகள் பிரிந்திருந்த தம்பதிக்கு இதே அடிப்படையில், கொடுமை என்ற பிரிவின் கீழேயே விவாகரத்து வழங்கப்பட்டது. ஆகவே உங்கள் வழக்கில் கைவிடுதலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காமல், கொடுமையும் மனுவில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஈரநிலம் அவர்களின் கவலையையும் நான் மதிக்கிறேன். ஷில்பா சைலேஷ் தீர்ப்பே இரு தரப்பின் பொருளாதார நிலை, பிள்ளைகளின் எதிர்காலம், ஜீவனாம்சம் ஆகியவற்றை எடைபோட வேண்டும் என்கிறது. சட்டம் திருத்தப்படுமானால் அந்தப் பாதுகாப்போடுதான் திருத்தப்பட வேண்டும் என்பது என் விருப்பமும்கூட.

நெய்தல் எழுதியது:

கடைசியாக இரண்டு. மாமனார் காரியத்துக்குப் போய்த் தங்கிய நாட்களை மனுவில் மறைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். அவர் வெளிநாட்டில் இருப்பதால் மனுவை எங்கே தாக்கல் செய்வது என்பதும் தெரியவில்லை.

வழக்குரை எழுதியது:

மறைக்கவே கூடாது. கனடாவின் 90 நாள் போலவோ ஆஸ்திரேலியாவின் மூன்று மாதம் போலவோ நம் சட்டத்தில் எண் குறிப்பிடப்படவில்லை; மீண்டும் கணவன் மனைவியாக வாழத் தொடங்கினீர்களா என்பதே கேள்வி. துக்க வீட்டுக்குப் போனது கடமைக்காகப் போனது. எந்த நாளில் போனீர்கள், யாருடன் எந்த அறையில் தங்கினீர்கள், கணவருடன் என்ன பேச்சு நடந்தது, எப்போது திரும்பினீர்கள் என்று மனுவிலேயே ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டு, அவர் புகைப்படத்தோடு எதிருரையில் எழுதினால், இல்லாத சமரசம் இருந்ததுபோல் தோன்றிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மனைவி மனுதாரராக இருந்தால், மனுத் தாக்கல் செய்யும் நாளில் அவர் குடியிருக்கும் இடத்துக்குரிய குடும்ப நல நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். கணவரின் கனடா முகவரியையும் மின்னஞ்சலையும் மனுவில் கொடுங்கள். அழைப்பாணை முறைப்படி சேர்ந்தும் அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரணை நடக்கும். அப்போதுங்கூட உங்கள் சாட்சியத்தைப் பதிவு செய்து, ரசீதைச் சான்றாவணமாகக் குறியிட்ட பிறகுதான் தீர்ப்பு வரும். அழைப்பாணை சேர்ந்ததற்கான சான்று சரியாக இல்லாவிட்டால், பின்னாளில் அவர் வந்து அந்தத் தீர்ப்பை நீக்கக் கோர இடம் உண்டாகும். ஆகவே அந்த ஒரு வேலைக்குச் சில மாதங்கள் ஆனாலும் பொறுத்திருந்து செய்யுங்கள்.